‘வாயு’ என்று விட்டுவிடாதீர்கள்!

வீட்டில் பெரியவர் ஒருவர் “வயிறு ஒரு மாதிரியா இருக்கு” என்றால் நாம் என்ன செய்கிறோம்? ஓமத்தைக் கொதிக்க வைத்துக் கொடுக்கிறோம். அதற்கும் அடங்கவில்லை என்றால் இஞ்சிச் சாறு, சீரகத் தண்ணீர். அப்புறம் பெட்டிக் கடையில் ஒரு சோடா. கடைசியாக மருந்துக் கடைக்குப் பையனை அனுப்பி, “வாயுக்கு ரெண்டு மாத்திரை வாங்கிட்டு வா” என்கிறோம். மறுநாள் அவர் எழுந்து நடமாடினால், சரியாகிவிட்டது என்று நாமும் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம்.

பத்தில் ஒன்பது முறை உண்மையாகவே சரியாகிவிடும். அந்தப் பத்தாவது முறையைப் பற்றித்தான், சகோதரிகளே, உங்களோடு கொஞ்சம் பேசலாம் என்று இதை எழுதுகிறேன்.

நான் பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள ஒரு குப்பத்தில். கல்யாணமாகி வந்தது பொன்னேரிக்கு. இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணம். பழவேற்காடு என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கோட்டையும், அவர்களுடைய கல்லறைகளும், பூநாரைகளும்தான். சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி இது என்று பள்ளிக்கூடத்துப் பாடத்திலும் வரும். எங்களுக்கோ அது சோறு போடுகிற ஏரி. ஆண்கள் விடியற்காலம் வலையோடு போவார்கள். பெண்கள் கூடையில் மீனை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்பார்கள். விற்றது போக மிஞ்சினதை உப்புப் போட்டு மணலில் காயவைத்தால் கருவாடு. மழைக் காலத்திலும், கடலுக்குப் போக முடியாத நாட்களிலும் அந்தக் கருவாடுதான் எங்களுக்குக் கை கொடுக்கும்.

இப்படி உடம்பு உழைத்தே பழகிய ஜனங்களுக்கு ஆஸ்பத்திரி என்றாலே ஒரு கூச்சம். கை கால் ஒடிந்தால் போவார்கள், பிரசவத்துக்குப் போவார்கள். ‘வயிறு மந்தமா இருக்கு’ என்பதற்கெல்லாம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யார் போவார்கள்?

என் சித்தப்பா

என் அப்பாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். மூத்தவள் அத்தை, இளையவர் சித்தப்பா. சித்தப்பாவுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. படகைத் தண்ணீரில் தள்ளுவதற்கு அவர் ஒருவர் தோள் கொடுத்தால் போதும், மற்றவர்கள் சும்மா பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவர் ஒரு வருஷம் ஆடி மாதத்திலிருந்து சாப்பாட்டைக் குறைத்துவிட்டார். நாலு கவளம் சாப்பிட்டதுமே, “போதும்மா, நெஞ்சு வரைக்கும் ரொம்பின மாதிரி இருக்கு” என்று கையைக் கழுவிவிடுவார். சித்தி அதை வாயு என்றாள். அவரும் அதையே சொன்னார். கடையில் வாங்கின அமில மாத்திரையைப் போட்டால் பத்து நாள் தேவலாம், பிறகு பழையபடிதான்.

தீபாவளிக்குள் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது. “வயசாகுதில்ல, சதை வத்தத்தானே செய்யும்” என்றார். பொங்கலுக்கு மீன் குழம்பு வாசனையே பிடிக்கவில்லை என்றார். மீனவருக்கு மீன் வாசனை பிடிக்கவில்லை என்றால் அதற்கு மேல் என்ன அடையாளம் வேண்டும்? மாசி மாதம் வாந்தி ஆரம்பித்தது. அப்புறம்தான் சென்னைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். குழாய் விட்டுப் பார்த்ததில் இரைப்பையின் அடிப்பாகத்தில் கட்டி. ஸ்கேன் எடுத்ததில் கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

ஆபரேஷன் செய்து பிரயோஜனமில்லை என்றார்கள். மருந்து ஏற்றினார்கள். ஒன்பது மாதம் இருந்தார். கடைசி நாட்களில் ஒரு டம்ளர் கஞ்சியைக் குடிக்க அரை மணி நேரம் ஆகும். சித்தி ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அந்த டாக்டரைப் பார்த்துக் கணக்கு முடிக்கப் போனபோது நானும் கூடப் போயிருந்தேன். அவர் ஒரு விஷயம் சொன்னார்: “இவரோட கூடப் பிறந்தவங்க யாராவது இருக்காங்களாம்மா? அவங்க ஒரு தடவை வயிற்றைப் பார்த்துக்கிட்டா நல்லது. பெற்றவர், கூடப் பிறந்தவர், பிள்ளை - இந்த மூணு உறவில் ஒருத்தருக்கு வந்தா மத்தவங்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல். வந்தே தீரும்னு அர்த்தமில்லை. ஜாக்கிரதையா இருக்கணும்னு அர்த்தம்.”

கூடப் பிறந்தவர்கள் என்றால் என் அத்தையும் என் அப்பாவும்தான்.

இது ஏன் வருகிறது?

அந்த டாக்டர் சொன்னதை வைத்துக்கொண்டு பிறகு நான் விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்ட சில விஷயங்களை உங்களுக்கும் சொல்கிறேன்.

இரைப்பைப் புற்றுநோய் நமக்குப் புதிதான வியாதி அல்ல. சென்னையில் புற்றுநோய் நோயாளிகளைக் கணக்கெடுத்துப் பதியும் வேலை 1982-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் தொடங்கியது. அன்றிலிருந்து ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் இரைப்பைப் புற்றுநோய் முன்வரிசையிலேயே இருந்து வந்திருக்கிறது. பெண்களுக்குக் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. நம் நாட்டில் இது மிக அதிகமாகக் காணப்படும் இடம் வடகிழக்கே மிசோரம். அங்கே புகையில் வாட்டிய இறைச்சியும் புகையிலைத் தண்ணீரும் பழக்கத்தில் உள்ளவை.

இரைப்பையில் புண் வருவது காரத்தாலும் கவலையாலும்தான் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 1982-ல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு டாக்டர்கள், இரைப்பையின் உள்சுவரில் ஒட்டி வாழும் ஒரு கிருமியைக் கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. அமிலத்தில் எந்தக் கிருமியாவது உயிரோடு இருக்குமா என்று மற்றவர்கள் நம்ப மறுத்தார்கள். மார்ஷல் என்ன செய்தார் தெரியுமா? 1984-ல் அந்தக் கிருமியைக் கரைத்துத் தாமே குடித்துவிட்டார்! சில நாட்களில் அவருக்கு வாந்தி வந்தது, இரைப்பையும் அழற்சி கண்டது. 2005-ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கிருமி புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 1994-லேயே அறிவித்துவிட்டது.

உடனே பயந்துவிடாதீர்கள். நம் நாட்டில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி வயிற்றில் இருக்கிறது. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் புற்றுநோய் வரும். கிருமி பல வருஷம் இருந்து, இரைப்பையின் உள்சுவர் அழற்சி கண்டு, மெலிந்து, மெல்ல மெல்ல மாறி, கடைசியில்தான் அந்த நிலைக்குப் போகிறது. இருபது முப்பது வருஷம் கூட ஆகலாம். கிருமியோடு புகையிலையும், அதிக உப்பும், உப்புக் கண்டங்களும் சேர்ந்துகொண்டால் வேலை சீக்கிரம் நடக்கும். அவ்வளவு வருஷம் அவகாசம் இருப்பதால்தான் நடுவில் எங்கேயாவது அதைப் பிடித்துவிட முடிகிறது.

மற்ற நாடுகளில் என்ன செய்கிறார்கள்?

ஜப்பானில் இந்த நோய் ரொம்ப அதிகம். அங்கே 1960-களிலேயே பேரியம் என்ற வெள்ளைக் கரைசலைக் குடிக்க வைத்து, வயிற்றை எக்ஸ்ரே எடுக்கும் வண்டிகள் ஊர் ஊராகப் போயின. 1983-ல் முதியோர் சுகாதாரச் சட்டத்தின் கீழ் இது நாடு முழுவதும் வந்தது. 2016-லிருந்து ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு எண்டோஸ்கோபியும் செய்யலாம் என்று வைத்திருக்கிறார்கள். கொரியாவில் நாற்பது வயது ஆனவுடன் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பரிசோதனை. நோய் இரைப்பையைத் தாண்டாமல் இருக்கும்போதே கண்டுபிடித்தால், அந்த நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஐந்து வருஷத்தைக் கடந்து உயிரோடு இருக்கிறார்கள். மிக ஆரம்பம் என்றால் வயிற்றைக் கிழிக்காமல், அந்தக் குழாய் வழியாகவே சுரண்டி எடுத்துவிடுகிறார்கள்.

நம் நாட்டில் எல்லாப் பெரியவர்களுக்கும் இரைப்பைப் பரிசோதனை என்று அரசாங்கத் திட்டம் கிடையாது. வாய், மார்பகம், கருப்பை வாய் - இந்த மூன்று புற்றுநோய்களுக்குத்தான் முப்பது வயதைக் கடந்தவர்களைப் பரிசோதிக்கிறார்கள். நோய் எல்லா இடத்திலும் அவ்வளவு அதிகமில்லை, குழாய்ப் பரிசோதனைக்கு வேண்டிய கருவிகளும் டாக்டர்களும் குறைவு என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். 2021-ல் வந்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வரும் பெண் ஊழியர்கள் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். வயிற்றுக்குள்ளே பார்க்க அவர்களிடம் வழியில்லை.

ஆகவே, வயிற்று விஷயத்தில் யாரும் நம் கதவைத் தட்டப் போவதில்லை. அடையாளத்தைக் கவனித்து நாமாகப் புறப்பட்டால்தான் உண்டு. அதைக் கவனிக்கக் கூடியவர் யார்? தினம் சோறு போடுகிறவள்தானே! தட்டில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று டாக்டருக்குத் தெரியாது, நமக்குத் தெரியும்.

அத்தை சொன்ன காரணங்கள்

அத்தைக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. இன்றைக்கும் கூடை சுமந்து மீன் விற்கிறவள். சித்தப்பா போன பிறகு ஒரு நாள் அவளைப் பார்த்தபோது முகம் வெளுத்திருந்தது. படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றாள். சாப்பிட்ட பிறகு வயிற்றில் எரிச்சல் இருக்கிறது, அது ஒரு வருஷமாகவே உண்டு என்றாள்.

“அத்தை, ஒரு தடவை வயித்தைப் பார்த்துட்டு வந்துடலாம்” என்றேன்.

“எதுக்குடி? எனக்கு ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சுக்கத்தான்.”

“அந்தக் குழாயைத் தொண்டையில விடுவாங்களாம். தம்பி உடம்பு அதுக்கப்புறம்தான் விழுந்தது. அதைத் தொட்டதாலதான் பரவிடுச்சுன்னு ஊர்ல சொல்றாங்க.”

இந்தப் பேச்சு எங்கள் ஊரில் மட்டுமல்ல, எல்லா ஊரிலும் உண்டு. சதையைக் கிள்ளி எடுத்தால் புற்றுநோய் பரவும் என்று படித்தவர்கள் கூடச் சொல்கிறார்கள். குழாய் விட்டுப் பார்ப்பதால் இந்த நோய் பரவுவதில்லை. சித்தப்பாவுக்குப் பரவிய பிறகுதான் குழாயே விட்டார்கள். நாள் கணக்கை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன் - ஆடியில் பசி போனது, பொங்கலில் வாசனை பிடிக்காமல் போனது, மாசியில் வாந்தி, பங்குனியில்தானே குழாய்? அத்தை விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். பதில் பேசவில்லை.

அடுத்த காரணம் பணம். அதற்கடுத்தது, ஒரு நாள் வியாபாரம் போய்விடும் என்பது. கடைசியாகத்தான் உண்மையான காரணம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: “இருந்துட்டா? தெரியாம இருந்தா நிம்மதியாவது இருக்கும்.”

இதற்கு நான் என்ன சொல்வது? சித்தி ஸ்பூனால் கஞ்சி ஊட்டியதை அவளும் பார்த்தவள்தானே. “தெரியாம இருந்ததுலதானே அத்தை சித்தப்பாவுக்கு ஒன்பது மாசம் ஆச்சு. சீக்கிரம் தெரிஞ்சா வைத்தியம் இருக்கு. அவருக்கு இல்லாமப் போனது வைத்தியம் இல்ல, நேரம்” என்றேன். கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “சனிக்கிழமை வேணாம். வியாபாரம் இருக்கு. திங்கக்கிழமை போலாம்” என்றாள்.

அந்தப் பரிசோதனை எப்படி இருக்கும்?

பலர் பயப்படுவது இதைத்தான் என்பதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இரவு சீக்கிரம் லேசாகச் சாப்பிட்டுவிட்டு, அப்புறம் ஒன்றும் சாப்பிடக் கூடாது. காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். சர்க்கரை மாத்திரையோ, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையோ சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டுப்பல் இருந்தால் கழற்றி வைக்க வேண்டும்.

தொண்டையில் ஒரு மருந்தைத் தெளிப்பார்கள். கசப்பாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் தொண்டை மரத்துவிடும். இடது பக்கமாகப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவில் ஒரு வளையத்தைக் கொடுத்து, சுண்டு விரல் கனத்தில் வளையும் குழாயை மெதுவாக உள்ளே விடுவார்கள். அதன் முனையில் விளக்கும் கேமராவும் இருக்கும். குமட்டல் வரும், கண்ணில் தண்ணீர் வரும். மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தால் சமாளித்துவிடலாம். மொத்தம் ஐந்து பத்து நிமிஷம்தான். சந்தேகமான இடத்திலிருந்து அரிசி நுனி அளவு சதையைக் கிள்ளி எடுப்பார்கள், அது வலிக்காது. தொண்டை மரப்பு விடும் வரை, முக்கால் மணி, ஒரு மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது. அப்புறம் வீட்டுக்கு வந்துவிடலாம்.

அத்தை வெளியே வந்ததும் முதலில் கேட்டது, “அவ்வளவுதானா?” என்றுதான். அடுத்தது, “காப்பி எப்போ குடிக்கலாம்?”

அவளுக்கு இருந்தது புற்றுநோய் அல்ல. முன்சிறுகுடலில் ஒரு புண். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிந்துதான் முகம் வெளுத்துப் போயிருந்தது. கிள்ளி எடுத்த சதையில் அந்தக் கிருமி இருந்தது. பதினாலு நாளைக்கு இரண்டு வகைக் கிருமிக் கொல்லி மருந்தும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் கொடுத்தார்கள். வாயில் கசப்பு, லேசாக வயிற்றுப்போக்கு என்று சொல்லி ஆறாம் நாள் நிறுத்தப் பார்த்தாள். பாதியில் நிறுத்தினால் மிஞ்சின கிருமி அடுத்த முறை மருந்துக்கு மசியாது என்று சொல்லி முழுவதும் சாப்பிட வைத்தோம். மருந்து முடிந்து ஒரு மாதம் கழித்து, மூச்சை ஊதிப் பார்க்கும் ஒரு பரிசோதனை செய்து, கிருமி போய்விட்டது என்றார்கள். இரும்புச் சத்து மாத்திரை மூன்று மாதம். முகத்தில் பழைய நிறம் வந்துவிட்டது.

யார் யார் போக வேண்டும்?

வாய்வு வந்தவர்கள் எல்லாரும் குழாய் விட்டுப் பார்க்க ஓட வேண்டாம். ஆனால் வீட்டில் நாற்பத்தைந்து, ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் அழைத்துக்கொண்டு போங்கள்.

முன்பு இல்லாத அஜீரணம் புதிதாக ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரமாகியும் போகாமல் இருப்பது. கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிரம்பிவிடுவது. காரணமில்லாமல் இளைத்துக்கொண்டே போவது. திரும்பத் திரும்ப வாந்தி. விழுங்கும்போது நெஞ்சில் அடைப்பது. மலம் தார் போலக் கறுப்பாகப் போவது. (இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.) சோகை பிடித்து முகம் வெளுப்பது. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கும் ஆண்களுக்கும் சோகை வந்தால், ரத்தம் எங்கே போகிறது என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

பெற்றவருக்கோ கூடப் பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், அடையாளம் ஒன்றும் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் சொல்லி, கிருமிப் பரிசோதனையாவது செய்துகொள்வது நல்லது. அதற்குக் குழாய் வேண்டியதில்லை. மூச்சிலும் மலத்திலும் கூடக் கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று. அமில மாத்திரையை மாதக்கணக்கில் கடையில் வாங்கிச் சாப்பிடாதீர்கள். அது எரிச்சலை அடக்கிவிடும், உள்ளே இருப்பது மறைந்து நிற்கும். கிருமிப் பரிசோதனை செய்யப் போகும்போதும், இரண்டு வாரம் அந்த மாத்திரையை டாக்டரைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டும்.

செலவைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சென்னையில் ஸ்டான்லி, ராஜீவ் காந்தி போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு. 2022-ல் திருவள்ளூரிலும் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. முதலில் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு போனால் அலைச்சல் குறையும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போய், எந்தச் செலவு அதில் அடங்கும் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சமையலறையில் நம் பங்கு

அமெரிக்காவில் 1930-களில் புற்றுநோய்ச் சாவுகளில் இரைப்பைப் புற்றுநோய்தான் முன்னணியில் இருந்தது. பரிசோதனை எதுவும் நடத்தாமலே அது அங்கே மளமளவென்று குறைந்துவிட்டது. வீட்டுக்கு வீடு குளிர்சாதனப் பெட்டி வந்ததும், உப்புக் கண்டம் குறைந்து பச்சைக் காய்கறியும் பழமும் கூடியதும், தண்ணீர் சுத்தமானதும் இதற்கு முக்கியக் காரணங்கள் என்கிறார்கள்.

கருவாட்டை விட்டுவிடு என்று எங்கள் ஊரில் சொன்னால் என்னை ஊருக்குள் விடமாட்டார்கள்! நானும் அப்படிச் சொல்லவில்லை. தினமும் வேண்டாம், வாரம் ஒரு நாள் போதும். சமைக்கும் முன் வெந்நீரில் ஊற வைத்து, இரண்டு முறை தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். குழம்புக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். கூடவே முருங்கைக்கீரையோ கத்தரிக்காயோ சேருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூன், அதாவது 5 கிராம் உப்புக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் அந்தக் கணக்கில்தான் சேரும். ஏரியில் மீன் கிடைக்கிற நாளில் பச்சை மீனையே சமையுங்கள்.

கைக்குழந்தைக்காரிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே, வீட்டிலுள்ளவர்களிடமிருந்து ஒட்டிக்கொள்கிறது. சோற்றை நம் வாயில் மென்று குழந்தைக்கு ஊட்டும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. பாசம்தான், ஆனால் வேண்டாம். கையால் மசித்துக் கொடுங்கள். தண்ணீரைக் காய்ச்சிக் கொடுங்கள். கக்கூஸ் போய் வந்தாலும், சமைக்க உட்கார்ந்தாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வீட்டு ஆண்களின் பீடியையும் புகையிலையையும் விட வைக்க முடிந்தால் அதைவிடப் பெரிய புண்ணியம் இல்லை.

இனி என் அப்பா

அத்தை வந்தாள். அப்பா மட்டும் வரவில்லை. அவருக்கு இப்போது அறுபத்தைந்து. எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்போம். “நைனா, நீயும் ஒரு தடவை...” என்று ஆரம்பித்தாலே வலையை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார். “எனக்கு நல்லாப் பசிக்குது. ரெண்டு தட்டு சாப்பிடறேன். எதுக்கு இல்லாத வியாதியைத் தேடிப் போகணும்?” என்பார். எங்கள் ஏரியில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. எந்தக் குழு எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் முறை வைத்துப் பிரித்திருப்பார்கள். கேட்கும்போதெல்லாம் அவருக்கு ‘அடுத்த பாடு’ குறுக்கே வந்துவிடும்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். பேப்பரில் வந்ததைக் காட்டினேன். என் பிள்ளைகளை விட்டுக் கேட்க வைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது அத்தையால்தான்.

போன மாதம் அத்தை அங்கே போயிருந்தாள். இந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொள்ளும்போது சாதாரணமாகச் சொன்னாளாம்: “தம்பி, நான் போனேன். பத்து நிமிஷம். திரும்பி வந்து மறுநாளே கூடையைத் தூக்கிட்டேன். மூணு பேராப் பொறந்தோம். ஒருத்தன் போயிட்டான். மிச்சம் இருக்கிறது நாம ரெண்டு பேருதான்.” அப்பா ஒன்றும் சொல்லவில்லையாம். ரொம்ப நேரம் கழித்து, “நீ கூட வருவியா?” என்று மட்டும் கேட்டாராம்.

நான் பேசியது அத்தனையும் ஒரு பக்கம், போய்விட்டுத் திரும்பி வந்தவள் பேசியது ஒரு பக்கம். எங்கள் ஊரில் இப்போது வேறு இரண்டு பேர் பரிசோதனைக்குப் போய் வந்திருக்கிறார்கள். அவர்களும் மீன் மார்க்கெட்டில் அத்தை வாயால் கேட்டுப் போனவர்கள்தான். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-ல் பிறந்ததே, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் சகோதரியை இந்த நோய்க்குப் பறிகொடுத்த துக்கத்தை மறக்காமல் இருந்ததால்தான். அவர் ஆஸ்பத்திரி கட்டினார். நம்மால் முடிந்தது ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போவது.

வருகிற செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குப் பரிசோதனை. அத்தை முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கிவிடுகிறேன் என்றிருக்கிறாள். முடிவு நல்லபடியாக வந்தால் சந்தோஷம். வேறு மாதிரி வந்தாலும், சித்தப்பாவுக்குக் கிடைக்காத நேரம் இவருக்குக் கையில் இருக்கும்.

சகோதரிகளே, இன்றைக்கு ராத்திரி பரிமாறும்போது உங்கள் வீட்டுப் பெரியவர்களின் தட்டைக் கொஞ்சம் கவனியுங்கள். வழக்கத்தைவிடக் குறைவாகச் சாப்பிட்டால், “ஏன் போதும்ங்கறீங்க? எத்தனை நாளா இப்படி இருக்கு?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். “வாயு” என்று பதில் வந்தால், எத்தனை வாரமாக என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுங்கள்.